ஷெரிஃப் தலைகாட்டாத படம்: 'தி டால் டி' காட்டும் நியாயம் எவ்வளவு நிஜம்?

நீங்கள் கேட்டதில் இரண்டு மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன, அதனால் முதலில் அவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1957-இல் வந்த 'தி டால் டி' என்ற சின்ன பட்ஜெட் வெஸ்டர்ன் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மொத்தமே 78 நிமிடம். ஒரு கோச்சு வண்டி, மூன்று கொள்ளையர்கள், ஒரு பணயக் கடத்தல், வரிசையாகச் சாவுகள். தொடக்கம் முதல் முடிவு வரை ஷெரிஃபோ நீதிபதியோ வருவதில்லை. அந்தக் காலத்து அமெரிக்க மேற்கில் நிஜமாகவே சட்டம் என்று ஒன்று இல்லையா, அல்லது கோர்ட்டுக்கும் ஊருக்கும் செட் போடக் காசில்லாமல் இப்படி எடுத்தார்களா, பண்ணை வாழ்க்கையாவது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இதே கூட்டணியின் படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படத்தொகுப்பாளன். இந்தப் படத்தை மாணவர்களுக்கு வகுப்பில் பல முறை போட்டுக் காட்டி, ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பேசியிருக்கிறேன். வரலாறு நான் முறையாகப் படித்த துறை இல்லை. மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் அதற்குள் போனேன். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். பாட் பிரென்னன் (ராண்டால்ஃப் ஸ்காட்) ஒரு பெரிய பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு பண்ணை வைத்திருக்கிறார். பழைய முதலாளியிடம் பொலிகாளை ஒன்று வாங்கப் போகிறார். அங்கே பந்தயம்: காளைமேல் உட்கார்ந்து தாக்குப்பிடித்தால் காளை அவருக்கு இலவசம், விழுந்தால் அவருடைய குதிரை முதலாளிக்கு. விழுகிறார், குத்த வரும் காளையிடமிருந்து தப்பித் தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்கிறார். குதிரை போனதால் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். புதுமணத் தம்பதியை ஏற்றிவரும் வாடகைக் கோச்சு ஒன்று வழியில் அவரை ஏற்றிக்கொள்கிறது. குதிரை மாற்றும் நிலையத்தில் கொள்ளையர்கள் வழக்கமான தபால் கோச்சுக்காகக் காத்திருக்கிறார்கள், மாட்டியது இந்த வண்டி. வண்டிக்காரர் அங்கேயே சுடப்படுகிறார். மணமகன் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, மனைவியின் அப்பா பெரிய செம்புச் சுரங்க முதலாளி, இவளை வைத்துப் பணம் கேளுங்கள் என்று அவனே யோசனை சொல்கிறான். மீதிப் படம் முழுக்க ஒரு குகையும் சில பாறைகளும்தான்.

முதலில் பணம். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு காட்சியிலும் அதன் கைத்தடம் தெரிகிறது. ஸ்காட்டும் தயாரிப்பாளர் ஹாரி ஜோ பிரவுனும் சேர்ந்து கொலம்பியா நிறுவனத்துக்காக எடுத்த படம் இது. இயக்குநர் பட் பெட்டிகர், திரைக்கதை பர்ட் கென்னடி. எல்மோர் லெனார்ட் 1955-இல் ஒரு பத்திரிகையில் எழுதிய குறுநாவல்தான் மூலம். இவர்கள் வரிசையாக எடுத்த இந்தச் சின்னப் படங்களின் படப்பிடிப்பெல்லாம் மூன்று வாரத்துக்குள் முடியும். இடம், கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா ஹில்ஸ் பாறைக்காடு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் போகும் தூரம் என்பதால் பல தலைமுறை வெஸ்டர்ன் படங்கள் அங்கேதான் எடுக்கப்பட்டன. நீங்கள் பார்த்த அந்த உருண்டு திரண்ட பாறைகள் அரிசோனாவே இல்லை. கதை நடக்கும் தென்கிழக்கு அரிசோனா அகலமான புல்வெளியும் முள்மரங்களும் கொண்ட பள்ளத்தாக்கு. அங்கே ஒருவன் ஒளிந்துகொள்வது கஷ்டம். பாறைக்காட்டில் எந்தத் திருப்பத்திலும் துப்பாக்கி முளைக்கலாம். ஆக, செலவுக்காகத் தேர்ந்த இடம் கதையின் பயத்தையே மாற்றியிருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். படத்தின் தொடக்கத்தில், நிலையத்தைப் பார்த்துக்கொள்பவரின் மகன், சின்னப் பையன், ஊருக்குப் போகும் பிரென்னனிடம் கோடு போட்ட மிட்டாய் வாங்கிவரச் சொல்கிறான். காசும் கொடுக்கிறான். மிட்டாயோடு பிரென்னன் திரும்பி வரும்போது அப்பாவும் இல்லை, பையனும் இல்லை. எங்கே என்று கேட்கிறார். கிணற்றில் என்று பதில் வருகிறது. கேமரா கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிணம் இல்லை, ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஒரு கிணறு, ஒரு பொட்டலம் மிட்டாய், ஸ்காட்டின் முகம், அவ்வளவுதான். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பழகியவனாகச் சொல்கிறேன், அந்தக் கொலையைக் காட்டியிருந்தால் ஒரு நாள் படப்பிடிப்பு கூடியிருக்கும், காட்சியின் கனம் பாதியாகியிருக்கும். தணிக்கை விதிகளும் அப்போது கடுமையாக இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெரிஃபை எழுதாமல் விட்டதும் இதே கணக்குதான். ஷெரிஃப் வந்தால் துரத்தும் படை வேண்டும், படைக்குக் குதிரை வேண்டும், குதிரைக்குத் தீனியும் ஆளும் வேண்டும். நான்கைந்து பேரை ஒரு குகை வாசலில் உட்காரவைத்துப் பேசவிட்டால் செலவும் குறைவு, பதற்றமும் கூடும்.

இனி வரலாறு. சட்டம் இருந்ததா என்றால், இருந்தது, அதிலும் சந்தேகமில்லை. அரிசோனா 1912 வரை மாநிலம் ஆகவில்லை, ஆனால் ஜனாதிபதி நியமித்த கவர்னரும் நீதிபதிகளும் இருந்தார்கள். கூட்டாட்சி அரசின் காவல் அதிகாரியான மார்ஷல், மாவட்டக் காவலுக்குப் பொறுப்பாக ஒரு ஷெரிஃப், ஊருக்கு ஒரு மார்ஷல், சந்தேகச் சாவு என்றால் ஜூரியோடு பிரேத விசாரணை எல்லாம் இருந்தன. டூம்ஸ்டோன் நகரம் 1881 ஏப்ரலிலேயே ஊர் எல்லைக்குள் ஆயுதம் வைத்துக்கொண்டு திரியக்கூடாது என்று சட்டம் போட்டது. அதே வருடம் அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த, உலகமே அறிந்த ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணம், அந்த ஆயுதத் தடையை மீறியவர்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறிக்கப் போனதுதான். படங்களில் எல்லாரும் இடுப்பில் துப்பாக்கியோடு சாராயக் கடைக்குள் நுழைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

சட்டம் இருந்ததே தவிர, அது கடைசிவரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் வேறு விஷயம். இந்தப் படத்தின் கதைக்கு மிகப் பக்கத்தில் ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. பிரென்னன் மிட்டாய் வாங்கும் கன்டென்ஷன், டூம்ஸ்டோனுக்கு அருகே வெள்ளித் தாதுவை அரைக்கும் ஆலைகள் இருந்த நிஜ ஊர். 1881 மார்ச் 15 இரவு, டூம்ஸ்டோனிலிருந்து பென்சன் ரயில் நிலையத்துக்குப் போன கோச்சை அந்தப் பக்கத்தில் வழிமறித்தார்கள். பட் ஃபில்பாட் என்ற வண்டிக்காரரும் பீட்டர் ரோரிக் என்ற பயணியும் சுடப்பட்டு இறந்தார்கள். குதிரைகள் மிரண்டு ஓடியதால் வண்டியிலிருந்த வெள்ளி தப்பியது. பென்சனிலிருந்து தந்தி பறந்தது, ஷெரிஃப் ஜானி பீஹானும் டூம்ஸ்டோனில் காவல் வேலை பார்த்த ஏர்ப் சகோதரர்களும் படையோடு துரத்தினார்கள். லூதர் கிங் என்பவன் பிடிபட்டு மூன்று பேரின் பெயரைச் சொன்னான். பிறகு அவன் ஷெரிஃபின் காவலிலிருந்தே நழுவிப் போய்விட்டான். பெயர் சொல்லப்பட்ட லெனார்ட், ஹெட், கிரேன் ஆகிய மூவரும் சில மாதங்களுக்குள் வெவ்வேறு இடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவுகளுக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை. ஒருவர்கூட ஜூரி முன்னால் நிற்கவில்லை. இதற்கிடையில் கோச்சில் பணமும் வெள்ளியும் அனுப்பும் நிறுவனமான வெல்ஸ் ஃபார்கோ, ஆளை உயிரோடு கொண்டுவந்தாலும் பிணமாகக் கொண்டுவந்தாலும் பரிசுப்பணம் உண்டு என்று தந்தியில் உறுதி கொடுத்திருந்தது. ஷெரிஃப், தந்தி, படை, கைது எல்லாம் வரிசையாக நடந்தும் வழக்கு கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. படத்தில் இந்தச் சங்கிலி முழுவதும் வெட்டப்பட்டு, அதன் கடைசிக் கண்ணி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே மாவட்டத்தில் கோர்ட் முழுதாக வேலை செய்த வழக்கும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 1883 டிசம்பரில் பிஸ்பீ ஊரில் ஒரு கடையைக் கொள்ளையடிக்க வந்தவர்கள் தெருவில் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் கர்ப்பிணிப் பெண். ஐந்து பேர் பிடிபட்டு, விசாரணை நடந்து, தண்டனை விதிக்கப்பட்டு, 1884 மார்ச்சில் சட்டப்படி தூக்கிலிடப்பட்டார்கள். திட்டத்தின் மூளை என்று குற்றம்சாட்டப்பட்ட ஜான் ஹீத்துக்கு மட்டும் தூக்குக்குப் பதில் சிறை கிடைத்தது. அது பொறுக்காமல் பிஸ்பீயிலிருந்து கிளம்பி வந்த கும்பல் பிப்ரவரி 22 அன்று அவனை டூம்ஸ்டோன் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தந்திக் கம்பத்தில் தொங்கவிட்டது. பிரேத விசாரணையில் டாக்டர் ஜார்ஜ் குட்ஃபெல்லோ கொடுத்த கருத்து, நுரையீரல் வீக்கத்தால் சாவு, அது கழுத்து நெரிபட்டதால் வந்திருக்கலாம், தானாகவோ வேறு வகையிலோ என்பது. ஜூரி அப்படியே ஏற்றுக்கொண்டது. கோர்ட்டும் கும்பலும் ஒரே ஊரில், ஒரே வழக்கில், சில வார இடைவெளிக்குள் வேலை செய்திருக்கின்றன. எல்லைப்புற நியாயம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போது நான் எடுத்துச் சொல்வது இந்த வழக்கைத்தான்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. அந்த மேற்கு எவ்வளவு ரத்தக்களரியாக இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ராபர்ட் டிக்ஸ்ட்ரா, கான்சாஸின் ஐந்து மாட்டுச்சந்தை ஊர்களை எடுத்துக்கொண்டு 1870 முதல் 1885 வரை எண்ணிப் பார்த்து, மொத்தம் 45 கொலைகள்தான் என்று காட்டினார். படங்களில் ஒரே வாரத்தில் அத்தனை பேர் சாவார்கள். ஆனால் அந்த ஊர்களில் இருந்ததே சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் பேர். தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இன்றைய பெருநகரங்களைவிட அது எங்கேயோ போய் நிற்கிறது என்று ராண்டால்ஃப் ராத் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். சிறிய மக்கள்தொகையில் ஓரிரு கொலை கூடினாலே விகிதம் எகிறிவிடும், அதனால் அந்தக் கணக்கே செல்லாது என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டு பக்கமும் பாதி நியாயம் தெரிகிறது. தீர்ப்புச் சொல்லும் தகுதி என்னிடம் இல்லை.

பண்ணை வாழ்க்கைக்கு வருவோம். பொலிகாளை வாங்கப் போகும் அந்தத் தொடக்கம் வெறும் வேடிக்கை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். படத்திலேயே மிகச் சரியான பண்ணை விவரம் அதுதான். கூலிக்கு மாடு மேய்த்தவனுக்கு அந்தக் காலத்தில் மாதம் 25 முதல் 40 டாலர் வரை கிடைக்கும், சாப்பாடு முதலாளி பொறுப்பு. அதில் மிச்சம் பிடித்துச் சொந்த மந்தை சேர்ப்பதென்றால் வருடக்கணக்காகும். சின்னப் பண்ணைக்காரன் பசுக்களை எப்படியாவது சேர்த்துவிடலாம். அடுத்த தலைமுறைக் கன்றுகளின் எடையும் விலையும் பொலிகாளையைப் பொறுத்தவை. காட்டு மாடுபோல மெலிந்து கொம்பு நீண்ட டெக்சாஸ் மாடுகளை விட்டு, சதைப்பிடிப்பான ஹெரஃபோர்டு இனத்துக்கு மேற்கு முழுவதும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காளைக்காகத் தன் குதிரையைப் பணயம் வைக்கிறான் என்றால் அவன் தன் எதிர்காலத்துக்காக இருப்பதையெல்லாம் வைக்கிறான். இளமையில் மெக்சிகோவில் காளைச் சண்டை கற்றவர் பெட்டிகர். காளையோடு ஒரு மனிதன் நிற்கும் தூரத்தை அவர் சரியாகப் பிடித்திருப்பது எனக்கு வியப்பாக இல்லை.

படத்தில் இல்லாதவை நிறைய. மாடு யாருடையது என்று காட்டத் தோலில் சூடு போடும் வேலை இல்லை, வசந்தகாலத்தில் மந்தைகளைத் திரட்டிப் பிரிப்பது இல்லை, தண்ணீர்ச் சண்டை இல்லை. அரசு கொடுத்த 160 ஏக்கர் அந்த வறண்ட மண்ணில் மாடு வளர்க்கப் போதவே போதாது, அதனால் சுனை யார் கையில் இருக்கிறதோ அவன்தான் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம் முழுவதற்கும் உண்மையான முதலாளி. 1891 முதல் 1893 வரை தெற்கு அரிசோனாவைத் தாக்கிய வறட்சியில் மாடுகளில் பாதிக்கு மேல் செத்தன என்பது பொதுவான மதிப்பீடு. மேய்ச்சல்காரர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று பரவலாகச் சொல்லப்படும் எண் ஊகம்தான். ஆனால் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் ஏராளமாக இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. படம் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

என் பார்வையில் படத்தின் பெரிய குறை இதைவிட ஆழமானது. இங்கே பெரிய பண்ணை முதலாளி சிரித்த முகத்தோடு பந்தயம் கட்டும் நல்ல மனிதர். கொடூரம் செய்கிறவர்கள் நிலமில்லாத ஊர்சுற்றிகள். நிஜத்தில் சட்டத்தைக் கையில் எடுத்தவர்களில் மிக மோசமானவர்கள் பெரிய நிலக்காரர்கள்தான். வயோமிங்கில் பெரும்பண்ணையாளர் சங்கம், சூடு போடாத கன்றுகள் யாருக்குச் சொந்தம் என்பதை 1884-இல் தனக்குச் சாதகமாகச் சட்டமாக்கிக்கொண்டது. சொந்தமாக நாலு மாடு வைத்திருந்த கூலியாள் திருடன் என்று சந்தேகிக்கப்பட்டு வேலைக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 1889 ஜூலையில் எலா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் ஏவரலையும் பண்ணை முதலாளிகள் சேர்ந்து ஒரு மரத்தில் தூக்கிலிட்டார்கள். மாடு திருடியதாகப் பழி. அவர்கள் பேரில் முறையாகப் பதிவான நிலம் அந்த முதலாளிகளின் கண்ணை உறுத்தியது. சாட்சிகள் காணாமல் போனதும் செத்ததும் போக, யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. 1892 ஏப்ரலில் அதே கூட்டம் டெக்சாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களை ரயிலில் இறக்கி, கொல்ல வேண்டியவர்களின் பட்டியலோடு ஜான்சன் மாவட்டத்துக்குள் நுழைந்தது. நேட் சாம்பியன் என்ற சின்னப் பண்ணைக்காரர் ஒரு மர வீட்டுக்குள்ளிருந்து பகல் முழுக்கத் தாக்குப்பிடித்தார், நடப்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே. வீட்டுக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவந்தவரைச் சுட்டார்கள். ஊர் மக்கள் திரண்டு அந்தத் துப்பாக்கிக் கூட்டத்தை முற்றுகையிட்டபோது, ஜனாதிபதி ஹாரிசன் அனுப்பிய குதிரைப்படை வந்து காப்பாற்றியது கொலைகாரர்களை. விசாரணைச் செலவை மாவட்டத்தால் தாங்க முடியாமல் 1893 தொடக்கத்தில் வழக்கே தள்ளுபடியானது. இந்தப் பக்கம் தெரியாமல் எல்லைப்புற நியாயத்தைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

ஆனாலும் படம் அந்தப் பக்கத்தை ஓர் இடத்தில் தொடுகிறது, அதற்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும். கொள்ளைக்கூட்டத் தலைவன் ஃபிராங்க் அஷர் (ரிச்சர்ட் பூன்) பிரென்னனிடம் பண்ணையைப் பற்றி விசாரிக்கிறான். எத்தனை மாடு, எப்படி நிலம், தனியாகவா இருக்கிறாய் என்று. ஆசையோடு கேட்கிறான். அவனுக்கும் ஒரு துண்டு நிலமும் நாலு மாடும் வேண்டும். கூட இருக்கும் இரண்டு பொடியன்களோடு பேச அவனுக்கு எதுவும் இல்லை. இந்தப் பணம் வந்தால் இடம் வாங்குவேன் என்கிறான். இப்படிச் சேர்த்ததில் ஒரு பண்ணை நிற்குமா என்பதுபோலக் கேட்கிறார் பிரென்னன். இரண்டு பேரும் ஒரே வாழ்க்கைக்கு ஏங்கியவர்கள். ஒருவருக்குச் சம்பளம் தந்த முதலாளி கிடைத்தார், இன்னொருவனுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியில் ஸ்காட்டைக் காட்டும் நேரத்தைவிடப் பூனின் முகத்தில் கேமரா தங்கும் நேரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசியில் பிரென்னன் கொள்ளையர்களைக் கொல்வது அந்தக் காலத்துச் சட்டத்தில் குற்றமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒரு பசு யாருக்குச் சொந்தம் என்ற தகராறில், தன் நிலத்துக்கு வந்து சண்டைக்கு நின்றவரை பியர்ட் என்பவர் துப்பாக்கியால் தலையில் அடித்தார், அடிபட்டவர் இறந்துபோனார். தூக்குத் தண்டனைகளுக்குப் பெயர்போன நீதிபதி ஐசக் பார்க்கரின் ஃபோர்ட் ஸ்மித் கோர்ட்டில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 1895-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் சொந்த இடத்தில் நிற்பவன் தாக்கப்பட்டால் பின்வாங்கி ஓடவேண்டிய கடமை அவனுக்கு இல்லை என்றது. பிரென்னன் பணயக்கைதி, கண்முன் கொலை பார்த்தவர், கூட ஒரு பெண்ணின் உயிரும் இருக்கிறது. ஒரு பிரேத விசாரணை நடந்திருக்கும், தற்காப்பு என்று எழுதி முடித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கடைசியில் வரும் அஷரின் சாவிலோ குற்றம் சொல்ல இடமே இல்லை. முதுகைக் காட்டினால் சுடமாட்டார் என்று தெரிந்து நடந்துபோய்க் குதிரை ஏறியவன், பத்திரமாகத் தப்பிய பிறகு, தானே துப்பாக்கியோடு திரும்பிப் பாய்ந்து வருகிறான்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்பதற்கு: இதே இயக்குநரும் நடிகரும் சேர்ந்த 'ரைடு லோன்சம்' (1959), 'கமான்ச்சி ஸ்டேஷன்' (1960) இரண்டும் அதே பாறைக்காட்டில், அதே எழுத்தாளரோடு எடுத்தவை. முன்னதில் ஒரு தூக்கு மரம் வருகிறது, அதைச் சுற்றித்தான் கதையே. நியாயம் பற்றிய உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது 'டிசிஷன் அட் சன்டவுன்' (1957). பழிவாங்க ஊருக்குள் வரும் நாயகனின் காரணமே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். மற்றவற்றைவிடத் தொழில்நுட்பத்தில் கொஞ்சம் பலவீனமான படம், பாதிக்கு மேல் ஒரு லாயத்துக்குள்ளேயே ஓடுகிறது. இருந்தாலும் முதலில் அதைப் பாருங்கள்.